ஆரஞ்சு எச்சரிக்கையும் நனைந்த பிரேக்கும்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் அக்டோபர் 20 நெருங்கும் நிலையில், சைக்கிளில் வேலைக்குச் செல்லும் சென்னை வாசகர்களின் கடிதங்களில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன: ஆரஞ்சு எச்சரிக்கை நாளில் வண்டியை எடுக்கலாமா, எடுத்தால் பிரேக் பிடிக்குமா என்பவை அவை. முதல் கேள்விக்கு வானிலைத் துறையின் நிறங்கள் விடை சொல்லிவிடுவதாகப் பலரும் நம்புகின்றனர், அவை சொல்வதில்லை.

ஆரஞ்சு நிறத்துடன் பெரும்பாலும் சேர்த்துச் சொல்லப்படும் 'மிகக் கனமழை' என்பது, காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் 12 முதல் 20 செ.மீ. வரை பதிவாகும் மழையைக் குறிக்கும் துறைச்சொல்லாகும். 12 செ.மீ. மழை நாள் முழுவதும் சீராகப் பெய்தால் மணிக்கு 5 மி.மீ. மட்டுமே என்பதால் நனைந்தபடியே ஓட்டிச் சென்றுவிடலாம். அதே மழை மூன்று மணி நேரத்தில் கொட்டினால் சுரங்கப்பாதைகள் நிரம்பிவிடும். பதிவேட்டில் இரண்டும் ஒன்றே. நிறமோ மழையளவை மட்டுமன்றி, அது பெய்வதற்கான வாய்ப்பையும் விளையக்கூடிய பாதிப்பையும் சேர்த்து நிர்ணயிக்கப்படுவது. ஆரஞ்சுக்குத் துறை தரும் பொருள் 'தயாராக இருங்கள்' என்பதே. தேவையற்ற பயணத்தைத் தவிர்க்குமாறு கூடவே வரும் அறிவுரை, இரவுக் காவலாளிக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் பொருந்துவதில்லை. அவர்களுடைய பயணம் தேவையானதா என்பதைத் தீர்மானிப்பவர் வேறொருவர். காலை ஒன்பது மணிக்குக் கிளம்புவோருக்கு நிறத்தைவிட, அடுத்த மூன்று மணி நேரத்துக்கென மாவட்டவாரியாக வெளியிடப்படும் உடனடி முன்னறிவிப்பே உதவும்.

இரண்டாவது கேள்விதான் கவலைக்குரியது. மழையில் வழுக்குவது டயர் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், நனைந்த தார்ச்சாலையில் டயரின் பிடி ஓரளவு குறைகிறதே தவிர அற்றுப்போவதில்லை. அற்றுப்போவது, குரோம் பூசிய எஃகு ரிம்மின் மீது பிரேக் கட்டைக்கு இருக்கும் பிடி. மழுமழுப்பான குரோமுக்கும் ரப்பருக்கும் இடையே தங்கும் மெல்லிய நீர்ப்படலம் எண்ணெயைப் போல் செயல்படுவதே இதற்குக் காரணம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1970களில் நடந்த சோதனைகளை டேவிட் கார்டன் வில்சன் தமது சைக்கிள் அறிவியல் நூலில் விவரிக்கிறார். அவற்றின்படி, எஃகு ரிம் நனைந்தால் உராய்வு உலர்ந்த நிலையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. முழு அழுத்தத்தில் பிரேக் பிடித்தாலும் அது ஏறத் தொடங்கவே சக்கரம் சராசரியாக 30 சுற்றுகளும், பழைய நிலையை எட்ட மேலும் 20 சுற்றுகளும் சுற்றவேண்டியிருக்கிறது. 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர் என்பதால், 50 சுற்றுகள் 110 மீட்டருக்குச் சமம்.

மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி உலர்ந்த நாளில் 3 மீட்டரில் நிற்குமானால், பிடி பத்தில் ஒன்றாகும்போது கணக்குப்படி 30 மீட்டர் ஓடும். அதற்குள் சக்கரம் சுற்றுவதோ ஏறக்குறைய 14 முறை. ஆக, கட்டை ரிம்மைத் துடைத்து முடிப்பதற்குள் வண்டி போய் மோதவேண்டியதில் மோதிவிட்டிருக்கும். சந்திப்புக்கு 100 மீட்டருக்கு முன்பிருந்தே கட்டை ரிம்மை உரசிக்கொண்டு வரும்படி பிரேக்கை அழுத்தி வருவதன் நியாயம் இதுவே. எனினும் ரிம் முங்கும் அளவுக்குத் தண்ணீர் தேங்கிய தெருவில் ஒவ்வொரு சுற்றிலும் அது மீண்டும் நனைவதால் இந்த உத்தி அங்கே பலிக்காது; வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி. நிற்கும் தூரம் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைச் சார்ந்தது என்பதால், வேகம் பாதியானால் 30 மீட்டர் ஏழரை மீட்டராகிவிடும். அலுமினிய ரிம்மில் இழப்பு குறைவு. டிஸ்க் பிரேக்கின் தட்டு, தேங்கிய நீருக்கு மேலே இருப்பதாலும் விரைவில் துடைக்கப்படுவதாலும் இந்தச் சிக்கலிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஆனால் மழையிலும் வண்டி எடுத்தே தீரவேண்டியவர்களில் பலர் ஓட்டுவது பழைய எஃகு ரிம் வண்டியைத்தான்.

எஞ்சிய கேள்விகளுக்குச் சுருக்கமான விடைகள் போதும்.

குடை பிடித்துக்கொண்டு ஓட்டலாமா? ஒரு கை குடைக்குப் போனால் ஒரு பிரேக்கும் போய்விடும், கூடாது.

ரப்பர் டயர் இடியிலிருந்து காக்குமா? காக்காது, இடி முழங்கினால் இறங்கிக் கட்டடத்துக்குள் ஒதுங்கவேண்டும்.

தேங்கிய நீரில் ஓட்டலாமா? தரை தெரியாத இடத்தில் திறந்த மழைநீர் வடிகாலும் தெரியாது. இறங்கித் தள்ளிச் செல்வதே முறை.

சைக்கிளுக்குத் தனிப்பாதை வருமா? போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்போருக்கும் சைக்கிள் ஓட்டுவோருக்கும் ஒதுக்கவேண்டும் என்ற கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-இல் ஏற்றது. கொள்கை இன்னும் பெரிதும் ஏட்டிலேயே இருக்கிறது.

எச்சரிக்கை நாளில் விடுமுறை உண்டா? மாவட்ட ஆட்சியர் அறிவிப்பது பொதுவாகப் பள்ளி, கல்லூரிகளுக்கான விடுமுறையே. எந்த நிறமும் தனியார் வேலைக்குத் தானாக விடுப்புத் தருவதில்லை.