சிறிய சூப்பர்மோட்டோ மோட்டார் சைக்கிளை அன்றாடப் பயணத்திற்கு ஏற்றதாக்குதல்

சூப்பர்மோட்டோ என்பது மண்பாதையில் ஓடுவதற்கென வடிவமைக்கப்பட்ட மோட்டார் சைக்கிளின் உடலும், தார்ச்சாலைக்குரிய 17 அங்குலச் சக்கரங்களும் பெரிய முன் டிஸ்க் பிரேக்கும் கொண்ட வண்டி வகையாகும். எடை குறைவு, ஒடுங்கிய உடல், உயர்ந்த இருக்கை, அகன்ற ஹேண்டில்பார் ஆகியன இதன் இயல்புகள். நெரிசல் மிகுந்த நகரச் சாலையில் இவை பெரிதும் உதவுகின்றன. எனினும் கடினமான இருக்கை, சிறிய பெட்ரோல் டேங்க், பை வைக்க இடமின்மை, காற்றுத் தடுப்பின்மை ஆகிய குறைகளால் நாள்தோறும் பணிக்கோ கல்லூரிக்கோ செல்வோர் இவ்வண்டியில் சில மாற்றங்களைச் செய்துகொள்கின்றனர். அம்மாற்றங்களின் பயன், அவற்றால் நேரும் இழப்பு, செய்யத்தக்க வரிசை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றம்

1979ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான ஏபிசி, கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பேட் பந்தயத் தடத்தில் ‘சூப்பர்பைக்கர்ஸ்’ என்ற போட்டியை நடத்தியது. தார்ச்சாலை, தட்டையான மண்தடம், மேடுபள்ளத் தடம் ஆகிய மூன்றிலும் ஒரே வண்டியை ஓட்டுவதில் சிறந்தவர் யார் என்று காண்பதே அதன் நோக்கம். 1980களின் நடுவில் அமெரிக்காவில் அப்போட்டி நின்றுபோயிற்று. ஐரோப்பாவில், குறிப்பாகப் பிரான்சில், அது தொடர்ந்து வளர்ந்தது. பந்தய வண்டியின் சாயலில் சாலைப் பதிவுக்குரிய வண்டிகளும் பின்னர் வந்தன. கவாசாகியின் டி-டிராக்கர் (1998), சுசுகியின் டிஆர்-இசட்400எஸ்எம் (2005) ஆகியன அவற்றுள் சில.

எடுத்துக்காட்டு வண்டி

யமஹா டபிள்யூஆர்250எக்ஸ் இவ்வகையின் நல்ல எடுத்துக்காட்டு. 2007ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானிலும், 2008ஆம் ஆண்டு மாதிரியாக அமெரிக்காவிலும் இது விற்பனைக்கு வந்தது. நீரால் குளிர்விக்கப்படும் 250 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின், எரிபொருள் உட்செலுத்தல், ஆறு கியர், அலுமினியச் சட்டகம் ஆகியவற்றைக் கொண்டது. ஜப்பானிய மாதிரியின் ஆற்றல் 10,000 சுழற்சியில் 31 குதிரைத்திறன். பெட்ரோலும் ஆயிலும் நிரப்பிய எடை ஏறத்தாழ 136 கிலோ. டேங்கின் கொள்ளளவு 7.6 லிட்டர். அமெரிக்க மாதிரியின் இருக்கை உயரம் ஏறத்தாழ 895 மில்லிமீட்டர்.

ஜப்பானில் 250 சிசி வரையிலான வண்டிகளுக்கு ‘ஷாக்கென்’ எனப்படும் காலமுறைக் கட்டாயச் சோதனை இல்லை. 125 சிசிக்கு மேற்பட்டவை விரைவுச்சாலையிலும் செல்லலாம். இவ்விரு எல்லைகளுக்கு இடைப்பட்ட வண்டிகள் அந்நாட்டில் அன்றாடப் பயணத்திற்கு விரும்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

அடிப்படை வண்டியைத் தேர்தல்

எந்த உதிரி பாகத்தைக் காட்டிலும் வண்டியின் தேர்வே முதன்மையானது. பந்தயத்திற்கென்றே செய்யப்பட்ட சூப்பர்மோட்டோவில் ஆயில் மாற்றத்தையும் பிஸ்டன் மாற்றத்தையும் ஓடிய மணிக்கணக்கில் அளவிடுவர். பலவற்றில் சாவி, இன்டிகேட்டர், கண்ணாடி ஆகியன இரா. அவ்வண்டியை நாள்தோறும் ஓட்டினால் சில மாதங்களிலேயே எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கும். டபிள்யூஆர்250எக்ஸ் போன்ற சாலை மாதிரிகளின் நிலை வேறு. அதன் வால்வு இடைவெளியைச் சோதிக்க வேண்டிய காலம் ஏறத்தாழ 42,000 கிலோமீட்டர். தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும் பராமரிப்பில் இவை இருவேறு வண்டிகள்.

இருக்கையும் உயரமும்

தொழிற்சாலை இருக்கை, ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்வதற்கு ஏற்றவாறு ஒடுக்கமாகவும் கெட்டியாகவும் அமைக்கப்படுகிறது. ஒரே நிலையில் அமர்ந்து செல்பவருக்கு அரை மணி நேரத்தில் வலி தோன்றும். உள்ளிருக்கும் ஸ்பாஞ்சை மாற்றி, பின்பகுதியை மட்டும் அகலமாக்குவது எளிய தீர்வு. முன்பகுதியையும் அகலமாக்கினால் தொடைகள் விரிந்து, கால் தரையை எட்டும் தூரம் கூடிவிடும். குட்டையானவர்களுக்கு இது உயரத்தைக் கூட்டியது போலாகும்.

வண்டியைத் தாழ்த்துவோர் பின்பக்கத்தை மட்டும் தாழ்த்துவது பிழையாகும். பின்பக்கம் மட்டும் இறங்கினால் முன் ஃபோர்க்கின் சாய்வு கூடி, ஹேண்டில் திரும்புவது மந்தமாகும். முன் சக்கரத்தின் மேலுள்ள சுமையும் குறையும். எனவே ஃபோர்க் குழாய்களையும் அதற்கேற்பக் கவ்வியில் மேலேற்ற வேண்டும். சைடு ஸ்டாண்டையும் குறைக்க வேண்டும். இல்லாவிடில் வண்டி நேராக நின்று, சிறிது தட்டினாலும் மறுபுறம் சாயும்.

எதையும் வாங்குவதற்கு முன், சஸ்பென்ஷனை ஓட்டுபவரின் எடைக்கு ஏற்பச் சரிசெய்வது நலம். இவ்வண்டியின் முன், பின் சஸ்பென்ஷன் இரண்டிலும் திருகுகளால் மாற்றத்தக்க அமைப்பு உண்டு. இதற்குச் செலவில்லை.

பெட்ரோல் டேங்க்

லிட்டருக்கு 25 கிலோமீட்டர் கிடைப்பதாகக் கொண்டால், 7.6 லிட்டரில் 190 கிலோமீட்டர் செல்லலாம். நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர் செல்பவர் மூன்று நாளுக்கு ஒருமுறை பெட்ரோல் நிரப்ப நேரிடும். இதற்காக 11 முதல் 14 லிட்டர் வரை கொள்ளும் பிளாஸ்டிக் டேங்குகள் கிடைக்கின்றன. 12 லிட்டர் டேங்க் நிரம்பியிருக்கும்போது பெட்ரோலின் எடை மட்டும் ஏறத்தாழ 9 கிலோ. பழைய டேங்கில் அது 5.6 கிலோ. கூடுதலான 3 கிலோ பெரிதாகத் தெரியாது. டேங்கின் அகலம் முழங்கால்களை விரிப்பதே உணரத்தக்க மாற்றம்.

எரிபொருள் உட்செலுத்தல் உள்ள வண்டிகளில் பெட்ரோல் பம்ப்பைப் பழைய டேங்கிலிருந்து கழற்றிப் புதியதில் பொருத்த வேண்டும். அதன் ரப்பர் வளையம் சரியாக அமராவிட்டால் சூடான எஞ்சினின் மேல் பெட்ரோல் கசியும். வேலை முடிந்தபின் டேங்கை நிரப்பி, எஞ்சினை இயக்கிக் கசிவு உள்ளதா என்று பார்த்த பின்னரே சாலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

டயர், பஞ்சர், பிரேக்

டபிள்யூஆர்250எக்ஸின் டயர் அளவு முன்பக்கம் 110/70 ஆர்17, பின்பக்கம் 140/70 ஆர்17. இவ்வளவில் பலவகை டயர்கள் கிடைக்கும். பந்தய வகை மென்டயர் சூடேறிய பின்னரே நன்றாகப் பிடிக்கும். காலையில் குளிர்ந்த, ஈரமான சாலையில் 20 நிமிடம் செல்பவருக்கு அச்சூடு கிடைப்பதில்லை. நீரை வெளியேற்றும் ஆழமான வரிப்பள்ளங்கள் கொண்ட சுற்றுலா வகை டயரே அவருக்கு ஏற்றது. அது நீண்ட நாள் உழைக்கவும் செய்யும்.

கம்பிச் சக்கரமாதலால் உள்ளே டியூப் உண்டு. டியூப் இல்லாத டயரில் ஆணி குத்தினால் காற்று பெரும்பாலும் மெல்ல இறங்கும். டியூப் உள்ளதில் சட்டென இறங்கிவிடும். எனவே டயர் நெம்பிகள், மாற்று டியூப், சிறு காற்றடிப்பான், அச்சு நட்டுக்குரிய ஸ்பேனர் ஆகியவற்றை உடன்வைத்திருப்பது அவசியம். அவற்றை வீட்டிலேயே ஒருமுறை பயன்படுத்திப் பழகியிருக்கவும் வேண்டும்.

இவ்வண்டியில் ஏபிஎஸ் இல்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு நொடி எடுத்துக்கொண்டால், அதற்குள் வண்டி 14 மீட்டர் கடந்துவிடும். அதன்பிறகு நிற்கும் தூரத்தை டயர், பிரேக் பேட், சாலையின் ஈரம், ஓட்டுபவரின் பயிற்சி ஆகியனவே தீர்மானிக்கும். 298 மில்லிமீட்டர் முன் டிஸ்க் இவ்வெடைக்குப் போதுமானது. நல்ல நிலையிலுள்ள பேட்களும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றப்படும் பிரேக் ஆயிலும் இருந்தால் அது வேண்டிய அளவு வேலை செய்யும்.

சுமை

முதுகுப்பையைச் சுமந்தே ஓட்டுவது எளிது எனினும், அதன் எடை முழுவதும் தோளிலும் இருக்கை வழியே இடுப்பிலும் இறங்கும். கேரியர் பொருத்தி, அதன்மேல் பெட்டி வைப்பது பொதுவான வழக்கம். இங்குக் கவனிக்க வேண்டியது பெட்டி இருக்கும் இடம். வண்டியின் இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 1.42 மீட்டர். பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் 10 கிலோ வைத்தால், பின் சக்கரத்தின் மேல் 12 கிலோ கூடும். முன் சக்கரத்திலிருந்து 2 கிலோ குறையும். எடை உயரத்தில் இருப்பதால் மெதுவாகத் திரும்பும்போது வண்டி தள்ளாடவும் செய்யும்.

ஒல்லியான பின்சட்டகம் பந்தயத்தில் எடை குறைப்பதற்காக அமைந்த ஒன்று. ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்டியின் எடை அதன் போல்ட்டுகளைத் திரும்பத் திரும்ப இழுக்கும். எனவே பூட்டு, சங்கிலி போன்ற கனமான பொருள்களை இருக்கைக்கு அருகே பக்கவாட்டுப் பைகளில் தாழ்வாக வைத்து, மழை உடை போன்ற இலேசானவற்றை மட்டும் பின்பெட்டியில் வைப்பது முறை. பக்கவாட்டுப் பை சைலன்சரைத் தொடாதபடி கம்பித் தடுப்பு இட வேண்டும். கேரியரின் போல்ட்டுகளை மாதம் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

காற்றும் மழையும்

கைக்காப்பு, கிளையும் கல்லும் படாமல் காக்கும். அன்றாடப் பயணத்தில் அது குளிர்காற்றையும் மழையையும் விரல்களிலிருந்து விலக்குகிறது. விறைத்த விரல் பிரேக்கைத் தாமதமாக அழுத்தும் என்பதால் இது சொகுசுப் பொருளன்று. வண்டி விழுந்தாலும் கிளட்ச், பிரேக் லீவர்கள் முறியாமல் தப்பும். ஹெட்லைட்டின் மேல் பொருத்தும் சிறு காற்றுத் தடுப்பு மார்பில் மோதும் காற்றைக் குறைக்கும். அளவு பெரிதானால் இலேசான வண்டியைப் பக்கக் காற்று எளிதில் தள்ளும்.

மின்சாரமும் விளக்கும்

இவ்வண்டியின் மின்னாக்கி 350 வாட் தரவல்லது. எஞ்சினும் ஹெட்லைட்டும் எரிபொருள் பம்ப்பும் அதன் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. எஞ்சின் மெதுவாக ஓடும்போது உற்பத்தியும் குறைவு. எனவே கைப்பிடிச் சூடேற்றி, கைப்பேசி மின்னேற்றி, கூடுதல் விளக்கு ஆகியவற்றின் வாட் அளவைக் கூட்டிப் பார்த்த பின்னரே பொருத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் இருத்தல் வேண்டும். சாவியை அணைத்ததும் இவை தாமே அணையுமாறு ரிலே வழியாக இணைத்தால் பேட்டரி இறங்காது.

ஹாலஜன் விளக்கிற்கென அமைந்த எதிரொளிப்பானில் எல்இடி பல்பை இடுவது பலர் செய்யும் மாற்றம். ஒளி தோன்றும் புள்ளி மாறுவதால் கற்றை சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். சாலையிலும் ஒளி சரியாக விழாது. பிறருக்குத் தெரிய வேண்டுமெனில் ஒளி திருப்பும் பட்டைகளும் தெளிவான பின்விளக்கும் குறைந்த செலவில் கூடுதல் பயன் தரும்.

ஸ்ப்ராக்கெட்

முன் ஸ்ப்ராக்கெட்டில் 13 பற்களுக்குப் பதிலாக 14 பற்கள் இருந்தால், அதே வேகத்தில் எஞ்சினின் சுழற்சி ஏறத்தாழ 7 விழுக்காடு குறையும். நெடுஞ்சாலையில் அதிர்வும் இரைச்சலும் தணியும். நகர நெரிசலிலோ முதல் கியரில் கிளட்ச்சை அதிகம் நழுவவிட நேரிடும். 12 பற்களாகக் குறைத்தால் விளைவு தலைகீழாகும். பயணத்தில் பெரும்பகுதி எவ்வகைச் சாலை என்பதே இதற்கு விடை. கியர்பெட்டியிலிருந்து வேகத்தை அளக்கும் வண்டிகளில் இம்மாற்றத்தால் வேகமானி பிழையாகக் காட்டும் என்பதையும் மறத்தலாகாது.

மாற்றாமல் விடவேண்டியவை

அதிக ஓசை எழுப்பும் சைலன்சரே பலர் முதலில் வாங்கும் பொருள். அன்றாடப் பயணத்திற்கு அதனால் பயன் சிறிது, தொல்லை பெரிது. எஞ்சினுக்கு வரும் காற்றும் எரிபொருளும் தொழிற்சாலைச் சைலன்சருக்கு ஏற்ப அளவிடப்பட்டவை. அதை மாற்றினால் எரிபொருள் அளவையும் திருத்த வேண்டும். விடியற்காலையில் அண்டை வீட்டாரின் உறக்கம் கெடும். நாள்தோறும் அதே ஓசையில் செல்பவரின் செவியும் பாதிக்கப்படும்.

திருட்டுத் தடுப்பு

136 கிலோ எடையுள்ள வண்டியை இரண்டு மூன்று பேர் தூக்கி வேனில் ஏற்றிவிட முடியும். ஹேண்டில் பூட்டோ டிஸ்க் பூட்டோ அதைத் தடுக்காது. அசையாத கம்பத்துடன் தடித்த சங்கிலியால் சட்டகத்தைப் பிணைப்பதே நம்பத்தக்க வழி.

சட்ட நிலை

மாற்றங்களுக்கான விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாற்றியமைக்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் அறிவிக்கப்படாத மாற்றம் காப்பீட்டு இழப்பீட்டுக்கும் தடையாகலாம். ஆகவே எஞ்சின், சட்டகம், சைலன்சர், விளக்கு ஆகியவற்றைத் தொடுமுன் உள்ளூர் விதியை அறிந்துகொள்ள வேண்டும்.

வரிசை முறை

செலவைப் பொறுத்தவரை முதலில் வருவன டயர், பிரேக், சஸ்பென்ஷன் சரிசெய்தல், பஞ்சர் கருவிகள். அடுத்து கைக்காப்பு, இருக்கை. பின்னர் கேரியரும் பையும். பெரிய டேங்கும் மின்சாதனங்களும் தேவைப்பட்டால் மட்டும் இறுதியில் வரும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தைச் செய்து, சில நாள் ஓட்டிப் பார்த்த பின்னரே அடுத்ததற்குச் செல்வது நன்று. அப்போதுதான் எது நன்மை தந்தது, எது புதிய குறையைக் கொண்டுவந்தது என்பது தெளிவாகும். இவ்வண்டியின் முதன்மையான சிறப்பு அதன் இலேசான தன்மை. பொருத்தப்படும் ஒவ்வொரு பொருளும் அதிலிருந்து சிறிது எடுத்துக்கொள்கிறது. அவ்வாறு எடுத்துக்கொள்வதற்கு ஈடாக நாள்தோறும் பயன் தருவதை மட்டுமே வண்டியில் வைத்திருத்தல் தக்கது.