சீனத் திருவுளக் குச்சியும் ஒரு நோயாளியின் கேள்வியும்

சிவகாசிக்கு அருகில் ஒரு பட்டாசு ஆலையில் நெடுங்காலம் போர்மேனாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற என் பள்ளித் தோழர், சிங்கப்பூரிலுள்ள மகனிடம் சென்று திரும்பியபோது ஒரு தாள் துண்டைக் கொணர்ந்தார். வாட்டர்லூ தெருவில் 1884இல் நிறுவப்பெற்ற குவான் இம் தோங் ஹூட் சோ கோயிலில், தம் இருமலும் மூச்சிரைப்பும் தீருமா என்று கேட்டுக் குலுக்கிய குச்சிக்கு உரிய தாள் அது. இலையுதிர்காலத்திற்குப் பின் நோய் தணியும் என்று அதில் கண்டிருப்பதாக மகன் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்துச் சொல்லியிருந்தார். ஆகவே, மருத்துவர் எடுக்கச் சொன்ன மார்பு எக்ஸ்ரேயைத் தீபாவளி கழியட்டும் என்று தள்ளிவைத்திருந்தார் தோழர். என்னிடம் தாளை நீட்டியபோது மாதம் ஆனி.

இம்முறையைக் கன்டோனிய மொழியினர் 'காவ் சிம்' என்பர். மூங்கில் குழலொன்றில் எண்ணிட்ட 100 குச்சிகள் இருக்கும். கேள்வியை மனத்தில் இருத்தி மண்டியிட்டு, ஒரே ஒரு குச்சி நழுவி விழும்வரை குழலைச் சாய்த்துக் குலுக்குவர். பின்னர், ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் குவிந்தும் உள்ள இரு பிறைவடிவக் கட்டைகளை எறிவர். ஒன்று தட்டையாகவும் மற்றது குவிந்தும் விழுந்தால் அக்குச்சி செல்லும். இரண்டும் குவிந்திருந்தால் மறுப்பு. இரண்டும் தட்டையாயின் தெய்வம் நகைக்கிறது, மீண்டும் கேட்க வேண்டும்.

நம் பகுதியினருக்கு இது முற்றிலும் அந்நியமானதன்று. சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியே பொட்டலம் கட்டி, சிறுபிள்ளையை ஒன்றை எடுக்கச் செய்யும் 'பூக்கட்டிப் பார்த்தல்' நாம் அறிந்ததே. ஆனால் பூ, ஆம் அல்லது இல்லை என்பதோடு நின்றுவிடும். சீனத் தாளில் ஓர் இலக்கியமே இருக்கிறது. நான்கடிப் பாடல், பழங்கதை ஒன்றின் குறிப்பு, உத்தமம், மத்திமம், அதமம் எனத் தரம், அதன்பின் வாணிகம், திருமணம், வழக்கு, பயணம், நோய் என்று தலைப்புவாரியாகச் சில சொற்கள். வணிகனுக்கும் மணமகளுக்கும் நோயாளிக்கும் அதே பாடல்தான். எனவேதான் பொருள் சொல்பவர், 'எதைக் கேட்டீர்?' என்று முதலில் வினவுவார். பாடலில் வரும் இலையுதிர்காலம் அறுவடையைக் குறிக்கலாம், முதிர்ச்சியைக் குறிக்கலாம், தளர்ச்சியையும் குறிக்கலாம். அதை நாட்காட்டியில் தேடுவது பொருந்தாது. விருதுநகர்ச் சீமையில் இலை உதிர்வதே மாசி பங்குனியில் அல்லவா!

இன்னொன்றையும் தோழருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சீனர்களிடம் மருந்துக்கென்றே தனிக் குச்சிகள் வழக்கில் இருந்தன. ஹாங்காங்கின் வோங் தை சின் கோயில் மரபில் அவை ஆண்கள், பெண்கள், குழந்தைகள், கண், புறநோய் எனப் பிரிக்கப்பட்டிருந்தன. விழும் எண்ணுக்குரிய தாளில் மூலிகைகளும் அவற்றின் எடையும் இருக்கும். அதை நேரே மருந்துக்கடைக்கு எடுத்துச் செல்வர். நாடி பாராமல் கிடைக்கும் மருந்துச்சீட்டு அது. தோழர் பெற்றதோ அவ்வகையுமன்று, பொதுத்தாள்.

'மருந்து' என்ற சொல் சிவகாசியில் வேறொன்றையும் குறிக்கும். பட்டாசுக்குள் செலுத்தும் கலவையும் அங்கே மருந்துதான். சீனரும் வெடிமருந்தைத் 'தீ மருந்து' என்ற பொருளில் 'ஹுவோ யாவ்' என்றே அழைத்தனர். 9ஆம் நூற்றாண்டளவில் சாகாமருந்து தேடிய ரசவாதிகளின் சோதனைகளினூடே பிறந்தது அது. 1248இல் திமிஷ்கில் மறைந்த மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார், தம் மருந்து நூலில் வெடியுப்பைச் 'சீனத்துப் பனி' என்று குறித்தார். தோழரின் மார்பில் எந்த மருந்து படிந்திருக்கிறது என்பதே என் கவலையாக இருந்தது.

இஸ்லாத்துக்கு முந்தைய அரபுகள் அம்புகளைக் கொண்டு இவ்வாறே கேட்டனர். 'என் இறைவன் ஏவினான்' என்று ஓர் அம்பிலும் 'தடுத்தான்' என்று மற்றொன்றிலும் எழுதியிருக்கும். மூன்றாவது வெற்று அம்பு. வெற்றம்பு வந்தால் மீண்டும் குலுக்குவர் என்று விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். நகைக்கும் கட்டைகளை இது நினைவூட்டுகிறது. 'அஸ்லாம்' எனப்படும் இவ்வம்புகளைத் திருக்குர்ஆன் (5:3, 5:90) விலக்கியது. எனினும் சீட்டுக் குலுக்குதல் அனைத்தும் விலக்கப்படவில்லை. சம உரிமையுடைய பலருள் ஒருவரைத் தேர்வதற்கு 'குர்ஆ' அனுமதிக்கப்பட்டது. பயணத்தில் உடன்வரும் மனைவியைத் தேர நபிகளார் (ஸல்) சீட்டுக் குலுக்கியிருக்கிறார்கள். நல்ல சொல்லைக் கேட்டு மனம் மகிழ்வதையும் அவர்கள் விரும்பினார்கள். மறைவானதை அறியக் குலுக்குவது ஒன்று, பங்கைப் பிரிக்கக் குலுக்குவது வேறொன்று. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறும் அவர்கள் பணித்திருக்கிறார்கள்.

தோழர் முஸ்லிம் அல்லர். ஆகவே இந்த மார்க்க வேறுபாட்டை அவரிடம் நான் வலியுறுத்தவில்லை. தணியும் என்பதை நல்ல சொல்லாக வைத்துக்கொள்ளுங்கள், காலக்கெடுவை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் விருதுநகருக்கு நானும் உடன் சென்றேன். எத்தனை ஆண்டுகள் மருந்து அறையில் நின்றீர்கள், மூக்கில் துணி கட்டியிருந்தீர்களா என்று மருத்துவர் கேட்டார். தோழர் விரல்விட்டு ஆண்டுகளை எண்ணத் தொடங்கினார்.