ஒரு குப்பிக்குப் பத்துப் பேர்

கொரோனா தடுப்பூசியான கோவிஷீல்டு வந்த கண்ணாடிக் குப்பி உள்ளங்கையில் அடங்கிவிடும். அதற்குள் பத்துப் பேருக்கான மருந்து. குப்பியைத் திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் பத்தையும் போட்டு முடிக்க வேண்டும். மூன்று பேர்தான் வந்தார்கள் என்றால் மீதி ஏழு குப்பைக்குப் போகும். வீணாகக் கூடாது என்று நர்ஸம்மா குப்பியைத் திறக்காமல் காத்திருந்தால், வந்த மூன்று பேரும் வெயிலில் உட்கார்ந்து அலுத்து வீட்டுக்குத் திரும்புவார்கள். திரும்பியவர்கள் தெருவில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. 2021 ஏப்ரல் தொடக்கம் வரையிலான கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு டோஸ் வீணானது. அன்றைக்கு இந்தியாவிலேயே அதுதான் அதிகம். சேர்ந்து வர ஆளில்லை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆள் சேர்ப்பது டாக்டர் பட்டம் தேவைப்படாத வேலை. தெருவில் எல்லோரையும் உறவுமுறை சொல்லிக் கூப்பிடத் தெரிந்த, கையில் போனும் நேரமும் உள்ள ஒருவர் போதும். பெருந்தொற்று நேரத்தில் அந்த மூன்றும் ஒருசேர வாய்த்திருந்தவர்கள் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள்தான். அவர்கள் அக்கம்பக்கத்தாரை ஊசிக்கு அழைத்துப்போக என்ன செய்யலாம், எது பலிக்கும், எது பலிக்காது என்பதே இந்தக் கட்டுரை. இடத்துக்குக் கடலூர் தேவனாம்பட்டினத்தை எடுத்துக்கொள்கிறேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து கிழக்கே போனால் கலைக்கல்லூரி, வெள்ளி கடற்கரை, அதை ஒட்டி மீனவர் குடியிருப்பு. இந்த ஊருக்குத் தடுப்பூசி புதிதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் தட்டம்மை பரவியபோது, பேரலை அடித்த கரையோர ஊர்களில் பிள்ளைகளுக்குத் தேடித்தேடி ஊசி போட்டார்கள். கொரோனா வந்தபோது பதினாறு வயதில் இருந்தவர்கள் அந்தச் சமயத்தை ஒட்டிப் பிறந்தவர்கள். பிள்ளைக்கு ஊசி போடத் தயங்காத தாய்மார்கள் தங்களுக்கு என்று வந்தபோது ஏன் தயங்கினார்கள் என்பதுதான் கேள்வி.

தயக்கம் எல்லாமே பயம் இல்லை. பாதிக்கு மேல் அலைச்சல். 2021 மே 1 முதல் 18 வயது நிரம்பியவர்களுக்கு ஊசி என்று அறிவிப்பு வந்தது. ஆனால் 45 வயதுக்குக் கீழே இருந்தவர்கள் முதலில் கோவின் தளத்தில் பதிய வேண்டும். பதியப் போன் வேண்டும், ஓடிபி வேண்டும், ஆதார் போன்ற ஓர் அடையாள அட்டையின் எண்ணைத் தப்பில்லாமல் அடிக்க வேண்டும். தளமோ முதலில் ஆங்கிலத்தில் இருந்தது. ஜூன் மாதம் இந்தியும் வேறு சில இந்திய மொழிகளும் சேர்ந்தன. அந்த முதல் பட்டியலில் தமிழ் இல்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் சேர்த்தார்கள். கடலில் நட்சத்திரம் பார்த்துத் திசை சொல்லும் ஒரு மனிதரை இப்படி ஒரு படிவத்துக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, ‘விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதுவது எளிது.

அதே வீட்டில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய போனோடு ஒரு பிள்ளை இருந்தது. பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. ஜூன் 5-ஆம் தேதி பிளஸ் டூ தேர்வையும் ரத்து செய்தார்கள். ஒரு போன் எண்ணில் நான்கு பேரைப் பதியலாம் என்பது அன்றைய விதி. மூன்று நண்பர்கள் சேர்ந்தால் பன்னிரண்டு பேர்; ஒரு குப்பி காலியாகி இரண்டு பேர் மிச்சம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஆண்களில் பலர் கரையில்தான் இருந்தார்கள். மீன் விற்கப் போகும் பெண்களுக்குத்தான் நேரம் ஒத்துவராது. காலையில் ஏலம் எடுத்துக் கூடையோடு கிளம்பினால் திரும்பப் பிற்பகல் ஆகும். முகாமோ மாலைக்குள் மூடிவிடும். எந்தத் தெருவில் யார் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்பது மருத்துவத் துறையின் பதிவேட்டில் இருக்காது. தெருப் பிள்ளைக்கு மனப்பாடம்.

இனி பயத்துக்கு வருவோம். அந்த ஏப்ரலில் தமிழ்நாட்டின் பயத்துக்கு ஒரு பெயர் இருந்தது: நடிகர் விவேக். ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், மக்கள் தைரியமாக வரட்டும் என்றே, எல்லோரும் பார்க்கக் கோவாக்சின் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி விடிகாலை இறந்துவிட்டார். ஊசிக்கு அழைக்க வந்தவரே போய்விட்டார் என்றால் வேறு என்ன சாட்சி வேண்டும்? இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் முழுவதும் அடைபட்டிருந்தது என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு அக்டோபரில் சொன்னது. இடைப்பட்ட ஆறு மாதமும் வாட்ஸ்அப்பின் ராஜ்ஜியம்.

இதைத் திண்ணையில் உட்கார்ந்து எப்படி விளக்குவது? ஊசிக்குப் ‘பிறகு’ நடந்தது வேறு, ஊசி‘யால்’ நடந்தது வேறு. 45 வயதைத் தாண்டியவர்களில் சிலருக்கு எந்த வாரத்திலும் மாரடைப்பு வரத்தான் செய்யும். அந்த வயதுக்காரர்கள் லட்சக்கணக்கில் ஒரே வாரத்தில் ஊசி போட்டுக்கொண்டால், போட்ட மறுநாள் மாரடைப்பு வந்தவர்களும் அவர்களுக்குள் இருப்பார்கள். ஊசியே இல்லாவிட்டாலும் அவர்களுக்கு அது வந்திருக்கும். ஊசி குற்றவாளியா என்று தெரிய ஒரு வழிதான் உண்டு: போட்டவர்களையும் போடாதவர்களையும் எண்ணிப் பார்ப்பது.

ஊசி காப்பாற்றியதா என்று அப்படி எண்ணிப் பார்த்தது தமிழ்நாட்டிலேயே நடந்தது. ஐசிஎம்ஆரின் சென்னை தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், 2021 பிப்ரவரியிலிருந்து ஊசி போடத் தொடங்கியிருந்த தமிழ்நாடு காவல்துறையினரின் கணக்கை எடுத்தது. இரண்டாம் அலை அடித்த ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை கொரோனாவில் இறந்த காவலர்கள் 31 பேர். ஊசியே போடாத 17,059 பேரில் 20 பேர் இறந்தார்கள். ஒரு ஊசி போட்ட 32,792 பேரில் 7 பேர். இரண்டும் போட்ட 67,673 பேரில் 4 பேர். இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரிந்து தமிழில் பேசக் கிடைக்கவில்லை. எல்லோரும் நம்மூர் ஆட்கள், ஒரே வேலை, அதே வெயில், அதே சாலை. நான்கு பேர் இறந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊசி போட்டால் கொரோனா வரவே வராது என்று சொல்லிவிட்டால், ஊசி போட்ட பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் காய்ச்சல் வந்த அன்றே சொன்னவர் பேச்சு எடுபடாமல் போகும். வரலாம், வந்தாலும் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். அவ்வளவுதான் வாக்கு.

படிக்காதவர்கள்தான் ஊசிக்குப் பயப்படுவார்கள் என்ற நினைப்பும் தவறு. 1955-ல் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசியை எதிர்த்துச் சிறுநூல் எழுதியவர் வழக்கறிஞரும் முன்னாள் முதல்வருமான ராஜாஜி.

பேச்சைத் தொடங்கும் விதத்தில்தான் முக்கால்வாசி இருக்கிறது. ‘ஊசி போடுங்க’ என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் மறுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ‘ஏன் இன்னும் போடல?’ என்று கேட்பது மிரட்டல் மாதிரி இருக்கும். ‘ஆயா, ஊசியைப் பத்தி என்ன நெனைக்கிற?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதே மேல். ஆயா சொல்வதில்தான் விஷயம் இருக்கும்.

“எனக்குச் சுகர் இருக்குதுடா. போட்டா ஏதாவது ஆயிடும்.”

“சுகர் இருக்கிறவங்களுக்குத்தான் மொதல்ல போடச் சொல்றாங்க ஆயா. கொரோனா வந்தா அவங்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டமாம். நர்ஸம்மாகிட்ட நீயே கேளு, நான் கூட்டிட்டுப் போறேன்.”

அறுபது வயது தாண்டியவர்களையும், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு போன்ற குறிப்பிட்ட இணைநோய்கள் உள்ள 45 வயது தாண்டியவர்களையும் மார்ச் 1 அன்றே அரசு அழைத்திருந்தது. இதைச் சொல்ல ஒரு பிள்ளையால் முடியும். ‘எனக்கு முன்பு ஒரு மருந்து ஒத்துக்காமல் உடம்பெல்லாம் தடித்துப்போனது’ என்று ஒருவர் சொன்னால் அங்கே பிள்ளையின் வேலை முடிந்தது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

வேறு சிலருக்குப் பயம் காய்ச்சலைப் பற்றியது. இரண்டு நாள் படுத்துவிட்டால் கூடையை யார் தூக்குவது? இது நியாயமான கணக்கு. ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சலும் கைவலியும் வருவது, நோய்க்கிருமியை அடையாளம் காண உடம்பு பழகிக்கொள்வதன் அறிகுறி. இதைச் சொல்லிவிட்டு, அந்த இரண்டு நாளும் தண்ணீர் பிடித்துத் தர ஆள் இருக்கிறது என்றும் சொன்னால், இரண்டாவதுதான் அதிகம் எடுபடும்.

இன்னொரு தயக்கம் சாப்பாடு சம்பந்தப்பட்டது. ஊசி போட்டால் கறி மீன் கூடாது, சரக்கு கூடாது என்ற பேச்சு. சிரிக்க வேண்டாம், மாநில அரசே இதற்கு இறங்கிவந்தது. 2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, முதல் மெகா முகாம்: 40,000 இடங்களில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கு மேல் ஊசி. அடுத்தடுத்த ஞாயிறுகளுக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிடுபவர்களும் குடிப்பவர்களும் வரத் தயங்குகிறார்கள் என்று அப்போதைய சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார். கூடாது என்று எந்த மருத்துவ விதியும் சொல்லவில்லை. அறிவுரை சொல்லிக்கொண்டிருப்பதைவிடக் கிழமையை மாற்றுவது சுலபம் என்று கண்டுகொண்டார்கள். எனக்குப் பிடித்த முடிவு அது.

பரிசு கொடுக்கலாமா? செங்கல்பட்டு மாவட்டம் கோவளம் தேவனாம்பட்டினத்தைப் போலவே கடலோர ஊர். அங்கே இரண்டு மாதத்தில் ஊசி போட்டவர்கள் 58 பேர். 2021 ஜூன் வாக்கில் தொண்டு அமைப்புகள் சேர்ந்து, வந்தவர்களுக்குப் பிரியாணி, குலுக்கலில் தங்கக் காசும் மிக்சியும், பெரிய பரிசாக ஸ்கூட்டர், வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் என்று அறிவித்தன. மூன்று நாளில் 345 பேர் வந்தார்கள். பிரியாணிக்காக உயிரைப் பணயம் வைப்பவர் யாரும் இல்லை. நிஜமாகவே பயந்தவர்கள் அந்த 345 பேரில் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். போடலாமா வேண்டாமா என்று திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தவர்களுக்கு எழுந்து வர ஒரு சாக்கும், கூட நாலு பேரும் கிடைத்தார்கள். பள்ளிப் பிள்ளையால் ஸ்கூட்டர் தர முடியாது. கூட நாலு பேரைத் தர முடியும்.

இதற்கு முன்னுதாரணமும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்து நாளன்று தெருப் பிள்ளைகளைக் கூட்டமாகச் சேர்த்து, வீடுவீடாகப் போய்க் குழந்தைகளைக் கூட்டிவர வைத்தார்கள். ‘புலாவா டோலி’ என்று பெயர், கூப்பிடும் கூட்டம். சுகாதார ஊழியருக்குத் திறக்காத கதவு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் திறந்தது. இப்படிப்பட்ட முயற்சிகள் சேர்ந்து நோயை விரட்டின: இந்தியாவில் இயற்கையாகப் பரவிய போலியோவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பதிவான ஒரு சிறுமி.

பிள்ளைகளின் பேச்சுக்குக் கனம் சேர்த்த இன்னொன்று உண்டு. 2021 முழுவதும் அவர்களுக்கே ஊசி கிடையாது. 15 முதல் 18 வயதுக்காரர்களுக்கு 2022 ஜனவரி 3 அன்றுதான் தொடங்கியது. ‘எனக்குப் போட மாட்டேங்கறாங்க, சித்தப்பா. நீங்க போட்டாத்தான் எனக்குப் பாதுகாப்பு’ என்று சொல்லும் பிள்ளையிடம், ‘நீ போட்டியா?’ என்று திருப்பிக் கேட்க முடியாது.

ஊர் முழுக்க ஒரே மூச்சில் மாற்றிவிடலாம் என்று இறங்கினால் வெறுத்துப்போகும். தலையாட்டிவிட்டு வராதவர்கள் இருப்பார்கள். ஜூன் மாதத்தில் ஆளைச் சேர்த்துக் கூட்டிப்போனால் ‘ஸ்டாக் இல்லை’ என்ற அட்டை தொங்கியிருக்கலாம். மாநிலம் முழுக்க அதுதான் நிலை. அதனால் முதல் நாளே சுகாதார நிலையத்தில் கேட்டுவிட்டுப் பேசுவது நல்லது. கண்டிப்பாக மாட்டேன் என்பவரை விட்டுவிடலாம். அவர் வீட்டு வாசலில் நின்று வாதாடும் நேரத்தில், போகலாமா என்று யோசிக்கும் மூன்று பேரைக் கூட்டிப்போய்விடலாம்.

இரண்டாவது ஊசிதான் உண்மையான தொல்லை. 2021 மே 13-இலிருந்து கோவிஷீல்டுக்கு இடைவெளி 12 முதல் 16 வாரமாக இருந்தது. கோவாக்சினுக்கு அன்று 4 முதல் 6 வாரம். யாருக்கு எது, எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதி வைக்காவிட்டால் குழம்பிப்போகும். மே கடைசியில் போட்ட சித்தப்பாவுக்கு ஆகஸ்டில்தான் அடுத்தது; அதற்குள் தடைக்காலம் முடிந்து அவர் கேரளா பக்கம் தொழிலுக்குப் போயிருக்கலாம். அங்கேயும் போட்டுக்கொள்ளலாம், எந்த ஊர் முகாமானாலும் சரி. ஆனால் பதிந்தது பிள்ளையின் எண்ணில், ஓடிபி வருவதும் பிள்ளையின் போனுக்குத்தான். கொச்சியில் வரிசையில் நின்றுகொண்டு அவர் கூப்பிடும்போது போனை எடுத்து, அந்த ஆறு எண்ணையும் நிதானமாகப் படித்துச் சொல்ல வேண்டும்.