வெட்டினால் இரண்டாகும் பவளம்

தேவாரத்தில் இருந்துகொண்டு வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன் என்றால், எல்லோரும் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் கேட்பார்கள். அது பெரிய விஷயமில்லை. ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்புக் கலவையைக் கரைத்து, உப்பின் அளவு ஆயிரத்துக்கு 35 பங்கு வரும்படி பார்த்துக்கொண்டால் போதும். அடுத்து ஒரு நண்பர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: “ராமேஸ்வரம் போறப்ப ஒரு பவளத் துண்டு எடுத்துட்டு வந்து போட்டா வளருமா?”

எடுக்கவும் கூடாது, எடுக்க வேண்டிய தேவையும் இல்லை. தேவை ஏன் இல்லை என்பதை முதலில் சொல்கிறேன்.

பவளம் என்றதும் கல் மாதிரி இருப்பதைத்தான் நினைப்போம். கடைக்காரர்கள் சாஃப்ட் கோரல் என்று சொல்லும் மென்பவளம் வேறு. அதற்குக் கல் எலும்புக்கூடு கிடையாது. சதைக்குள் சுண்ணாம்புத் துகள்கள் மட்டும் இருக்கும். மேலே பூ மாதிரி விரியும் ஒவ்வொரு உயிருக்கும் எட்டுக் கைகள். நமக்கு எளிதாக வளரும் வகைகளின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை தயாரிக்கும் சர்க்கரைதான் பவளத்துக்கு முக்கியச் சாப்பாடு. அதனால் நல்ல விளக்கும், அசையும் தண்ணீரும், 24 முதல் 27 டிகிரி வெப்பமும் கொடுத்தால் போதும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் அந்த 27-ஐத் தாண்டாமல் பார்ப்பதுதான் பாடு. தண்ணீர் மட்டத்தில் மின்விசிறி வைத்தால் சூடு குறையும். ஆவியாகிப் போன அளவுக்கு நல்ல தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாகாது.

இனப்பெருக்கம், ஏலத்தோட்டத்தில் தூரைப் பிரித்து நடுகிற வேலை மாதிரிதான். காளான் வடிவத்தில் இருக்கும் சார்கோபைட்டான் இதற்கு நல்ல தொடக்கம். நன்றாக விரிந்து ஆரோக்கியமாக இருக்கும் ஒன்றைத் தொட்டித் தண்ணீர் நிறைந்த தனிப் பாத்திரத்துக்கு மாற்றி, புது பிளேடால் குடையை ஒரே இழுப்பில் அறுக்க வேண்டும். குடையை இரண்டு மூன்று துண்டுகளாக்கி, வழவழப்பு போக அலசி, சிறு கல்லில் ரப்பர் பேண்டால் தளர்வாகக் கட்டி, நீரோட்டம் மிதமான இடத்தில் வைக்கலாம். பசை ஈரச் சதையில் ஒட்டாது. இரண்டு மூன்று வாரத்தில் துண்டு கல்லைப் பிடித்துக்கொள்ளும். அடிக்கட்டையில் மறுபடி குடை வரும். வெட்டுப்பட்ட பவளம் கசியவிடும் நச்சு மற்றவற்றைப் பாதிக்கும். அதனால் கொஞ்சம் தண்ணீர் மாற்றி, கரி வடிகட்டியும் போடுங்கள்.

கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பட்டன் பாலிப் என்று விற்பதை மட்டும் வீட்டில் வெட்டாதீர்கள். அது மென்பவளமே அல்ல. சிலவற்றில் பாலிடாக்சின் என்ற உயிரைப் பறிக்கக்கூடிய நஞ்சு உண்டு.

ஆக, ஒரு தாய்ப் பவளம் இருந்தால் பத்து வீட்டுக்குக் கன்று கொடுக்கலாம். இனி, ஏன் எடுக்கக் கூடாது என்பது.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எடுப்பது குற்றம். பாறை கட்டும் பவளங்களை 2001-இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் சேர்த்தார்கள். காரணம் இல்லாமல் இல்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் அங்கே பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் 2002-இல் அங்கே பவளம் நடத் தொடங்கியது. முறை நாம் செய்வதேதான்: துண்டை எடுத்து, கான்கிரீட் பலகையில் கட்டி, கடலடியில் வைப்பது. அவை கல் பவளங்கள் என்பதுதான் வித்தியாசம்.

“அப்படின்னா, தொட்டியில மிஞ்சுறதைக் கடல்லயே விட்டுடலாமே?” என்று நண்பர் கேட்டார். நல்ல எண்ணம்தான், ஆனால் ஆபத்து. வெனிசுலாவின் மொச்சிமா தேசியப் பூங்காவில், நம் பக்கத்துக் கடல்களைச் சேர்ந்த உனோமியா என்ற மென்பவளம் அங்கிருந்த பவளத்தின் மேல் போர்வை மாதிரிப் படர்ந்து மூச்சை அடைக்கிறது. மீன்தொட்டி வியாபாரம் வழியாகப் போனது என்றே நம்பப்படுகிறது. ஒரு துண்டு போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

நமக்கு இது புதுக் கதை இல்லை. மலைச் சரிவெல்லாம் அடைத்துக் கிடக்கும் உண்ணிச்செடியும் அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வைத்ததுதான். எதை வெட்டினாலும் வளருமோ, அதை எங்கே விடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

நண்பருக்கு ஒரு கன்று கட்டி வைத்திருக்கிறேன். கல்லைப் பிடித்ததும் வந்து வாங்கிக்கொள்வார்.