கடை பூட்டும் முன் பிரிண்டரின் பொத்தானை அழுத்துங்கள்!

இரவில் கல்லாக் கணக்கை முடித்து, சாமி படத்தைக் கும்பிட்டு, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுக் கடையைப் பூட்டுவது நம்மில் பலருக்கும் உள்ள பழக்கம். தீ விபத்துக்கு அஞ்சிச் செய்யும் நல்ல பழக்கம்தான். ஆனால் விலைப்பட்டியல், ஜி.எஸ்.டி. பில், பொட்டலங்களுக்கான லேபிள் ஆகியவற்றை அச்சிட நாம் வாங்கி வைத்திருக்கும் இங்க்ஜெட் பிரிண்டருக்கு மட்டும் அது நல்லதல்ல. ஏன் என்று அறிய, அந்தப் பெட்டிக்குள் இருக்கும் மின்னணு அமைப்பை முதலில் பார்ப்போம்.

பர்மாவிலும் மலேயாவிலும் நம் பகுதியினர் நடத்திய லேவாதேவிக் கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆட்கள் இருந்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். பிரிண்டருக்குள்ளும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான்.

மேலாள் என்பது மெயின் போர்டில் உள்ள முக்கியச் சில்லு. கணிப்பொறி அனுப்பும் பக்கத்தை நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, எந்த இடத்தில் எந்த நிறப் புள்ளி விழ வேண்டும் என்று வரிவரியாக உத்தரவு போடுவது இதுவே. 230 வோல்ட் வீட்டு மின்சாரம் இதற்கு ஆகாது. மின்வழங்கிப் பகுதி அதை நேர்மின்சாரமாக மாற்றி, மோட்டார்களுக்கு முப்பது, நாற்பது வோல்ட் அளவிலும், சில்லுகளுக்கு ஐந்து வோல்ட்டும் அதற்குக் குறைவாகவும் பிரித்துத் தருகிறது.

ஒரு மோட்டார் தாளை இழுக்கிறது. மற்றொன்று மை தெறிக்கும் தலையை இடம் வலமாக ஓட்டுகிறது. தலை எங்கே நிற்கிறது என்று மேலாளுக்கு எப்படித் தெரியும்? மூடியைத் திறந்தால் குறுக்கே மெல்லிய பிளாஸ்டிக் நாடா ஒன்று தெரியும். ஜவுளிக்கடைக் கஜக்கோல் போன்றது அது. அங்குலத்துக்கு நூற்றுக்கும் அதிகமான கோடுகள் அதில் உண்டு. தலையோடு ஓடும் சிறு ஒளி உணரி அவற்றை எண்ணிக்கொண்டே போகிறது. இந்த நாடாவில் எண்ணெய்க் கையோ மையோ பட்டால் எண்ணிக்கை தவறும்; எழுத்து கோணும், தலை ஓரத்தில் போய் முட்டும். மென்துணியால் மெதுவாகத் துடைத்தாலே பல சமயம் சரியாகிவிடும்.

அடுத்தாள், தலையிலேயே இருக்கும் சிறு சில்லு. தலையில் நூற்றுக்கணக்கான துளைகள் இருந்தாலும், ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி இழுக்க முடியாது. நாட்டு மருந்துக் கடையில் 'மூன்றாம் வரிசை, ஐந்தாம் பெட்டி' என்றால் பையன் சரியான இழுப்பறையைத் திறப்பதில்லையா? அதுபோலச் சில கம்பிகள் வழியே வரும் உத்தரவைப் படித்து, உரிய துளையை மட்டும் இயக்குகிறது அடுத்தாள்.

மை தெறிக்கும் விதம் இருவகை. ஒன்றில், துளைக்குப் பின்னாலுள்ள நுண்ணிய சூடேற்றிக்கு ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் மின்சாரம் பாய்கிறது. மை கொதித்து எழும் குமிழி ஒரு துளியை வெளியே தள்ளுகிறது. 1977-ல் ஜப்பானின் கேனன் ஆய்வுக்கூடத்தில், சூடான பற்றவைப்புக் கோல் மை நிரம்பிய ஊசியில் தற்செயலாகப் பட்டு மை தெறித்ததிலிருந்து பிறந்த யோசனை இது. மற்றொரு வகையில், மின்னழுத்தம் பட்டால் வளையும் பொருள் மையைத் தள்ளுகிறது.

அந்தத் துளையின் அகலம் தலைமுடியின் பருமனில் பாதிகூட இராது. பல தலைகளில் இத்துளைத் தகடு, மின்வேதி முறையில் நிக்கலைப் படிய வைத்துச் செய்யப்பட்டது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய நம் காரைக்குடி 'சிக்ரி'யின் ஆய்வுத் துறையும் இந்த மின்வேதியியல்தான்.

இனி பொத்தானுக்கு வருவோம். பிரிண்டரின் பொத்தான் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. 'கடை அடைக்கலாம்' என்று மேலாளுக்குச் சொல்கிறது. அவர் தலையை ஓரத்துக்கு அழைத்துச் சென்று, ரப்பர் மூடியால் துளைகளை அடைத்து, அன்றைய கணக்கை நினைவகத்தில் எழுதிவிட்டுத்தான் உறங்குவார். அச்சாகும்போது மெயினை அணைத்தால் தலை நடுவழியில் நிற்கும். திறந்த துளைகளில் மை காயும். முறையாக அணைக்கப்படவில்லை என்று அறிந்தால் சில இயந்திரங்கள் மறுநாள் தலையைக் கூடுதலாகக் கழுவும். கழுவுவதும் நாம் காசு கொடுத்து வாங்கிய மையால்தான்!

அந்தக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல கேட்ரிட்ஜ்களில் உள்ள சில்லு மையை அளப்பதில்லை. தெறித்த துளிகளை எண்ணி இருப்பைக் கழிக்கிறது. புத்தக இருப்பும் சரக்கு இருப்பும் வேறுபடும் என்று நமக்குச் சொல்லவா வேண்டும்? 'மை தீர்ந்தது' என்ற அறிவிப்பு வந்தாலும் உள்ளே சிறிது மிச்சம் இருக்கலாம். கழுவிய மை போய்ச் சேரும் பஞ்சுக்கும் இதேபோல ஒரு கணக்கு உண்டு. அது நிரம்பியதாகக் காட்டினால் இயந்திரம் நின்றுவிடும். உடனே 'போர்டு போய்விட்டது' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாமல், 'வேஸ்ட் இங்க் பேடா?' என்று கேளுங்கள். பஞ்சை மாற்றிக் கணக்கைத் திருத்துவது புதுப் போர்டு வாங்குவதைவிட மலிவு.

அன்பர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை:

1. முதலில் பிரிண்டரின் பொத்தான். விளக்கு அணைந்த பின்னரே மெயின் சுவிட்ச்.

2. மின்வெட்டு அதிகமெனில் சிறிய யு.பி.எஸ். வைத்துக்கொள்ளுங்கள்.

3. வாரம் ஒரு பக்கமாவது வண்ணத்தில் அச்சிடுங்கள், துளை அடைபடாது.

4. மை கசியும் கேட்ரிட்ஜையும், கழுவிய ஈரம் காயாத தலையையும் பொருத்தாதீர்கள். மின் இணைப்பில் ஈரம் பட்டால் தலையோடு போர்டும் சேர்ந்து எரியும்.

பில் போடும் தெர்மல் பிரிண்டருக்கு மையே கிடையாது. மை பற்றிய விதிகள் அதற்குப் பொருந்தா.

வேலையாளுக்குக்கூடக் கடை அடைக்க ஐந்து நிமிடம் கொடுக்கிறோம். பிரிண்டர் கேட்பது சில நொடிகளே.