தேங்காயை வீசாத பெண்

எங்கள் ஊர் நாகப்பட்டினம் பக்கம், கடலோரக் குப்பம். அப்பா நாற்பது வருடம் கட்டுமரத்தில் போனவர். போன விடுமுறையில் என் மகள் ‘மோவானா’ படம் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வலைக்கு முடிச்சுப் போட்டபடி உட்கார்ந்திருந்தார். இரவுக் கடலில் படத்தின் நாயகி மோவானா கையை நீட்டி, விரல்களை வானத்துக்கு நேரே பிடித்து நட்சத்திரத்தை அளக்கும் இடம் வந்தது. அப்பாவின் கை நின்றுவிட்டது.

“ஏ புள்ள, அத திருப்பிப் போடு.”

மறுபடி ஓடியபோது தானும் கையை டிவிக்கு நேரே நீட்டினார். “வெள்ளி பாத்துப் போறா. கடலுக்குப் போனவன் எவனோதான் இதச் சொல்லிக் குடுத்திருக்கான்” என்றார்.

அவர் சொன்னது சரி. 2016-இல் வந்த அந்த டிஸ்னி படத்தை இயக்கிய ரான் கிளமென்ட்ஸ், ஜான் மஸ்கர் இருவருமே வெள்ளைக்கார அமெரிக்கர்கள். கதையோ பசிபிக் கடலின் பாலினேசியத் தீவுக்காரர்களுடையது. அதனால் இயக்குநர்கள் ஃபிஜி, சமோவா, தஹிதி என்று தீவு தீவாகப் போய்ப் பெரியவர்களையும் படகோட்டிகளையும் பார்த்தார்கள். ‘ஓஷியானிக் ஸ்டோரி டிரஸ்ட்’ என்று ஓர் ஆலோசனைக் குழுவும் அமைத்தார்கள்.

அந்தக் குழுவுக்குச் சொல்ல அனுமதி மட்டுமல்ல, மாற்றவும் இடம் இருந்தது. முதலில் யோசித்த ஒரு காட்சியில் மோவானா ஆத்திரத்தில் தேங்காய்களை வீசி எறிவாள். கூடாது என்றார்கள். உண்ண, குடிக்க, கூரை வேய, கயிறு திரிக்க என்று எல்லாவற்றுக்கும் கை கொடுக்கும் காயை அங்கே யாரும் அப்படி எறிய மாட்டார்கள். காட்சி போயிற்று. மாவி என்ற வீரனை மொட்டைத் தலையோடு வரைந்திருந்தார்கள். தஹிதிக்காரர்கள் ஒப்பவில்லை. மாவிக்குக் கற்றை கற்றையாய் முடி வந்தது.

படத்தில் குகைக்குள் ஒளித்து வைத்திருக்கும் இரட்டை உடல் படகுகளை ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ என்பார்கள். நம் ‘கட்டுமரம்’ போய்ச் சேர்ந்த சொல் அது. அப்பாவிடம் சொன்னேன். நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. மாவியை ஊதிய உடம்போடு வரைந்தது தீவுக்காரர்கள் பலருக்கு வலித்தது. படத்தையொட்டிக் குழந்தைகளுக்கு விற்க வந்த மாவி வேஷ உடை, பச்சை குத்திய பழுப்புத் தோலைப் போலவே தைக்கப்பட்டிருந்தது. அடுத்தவர் தோலையா உடையாக மாட்டுவது என்று எதிர்ப்பு எழ, டிஸ்னி அதை விற்பனையிலிருந்து எடுத்தது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. மீனவப் பெண் வேடமென்றால் சிவந்த நடிகைக்குக் கறுப்பு பூசும் சினிமாவைப் பார்த்தே வளர்ந்தவள் நான்.

மோவானாவுக்குக் குரல் கொடுத்த ஆலியி கிராவால்யோ ஹவாய்ப் பூர்வகுடிப் பெண். தேர்வானபோது வயது 14. பாடல்களில் பங்குகொண்ட ஒபெடாயா ஃபோவாயி சமோவாவில் பிறந்தவர். சில பாடல் வரிகள் அந்தத் தீவு மொழிகளிலேயே ஒலிக்கின்றன. பிறகு படம் தஹிதி மொழியிலும், 2017-இல் நியூசிலாந்தின் மாவோரி மொழியிலும், 2018-இல் ஹவாய் மொழியிலும் பேசியது. மாவோரி மொழி வாரத்தில் அங்கே தியேட்டர்களில் இலவசமாகக் காட்டினார்கள். பாட்டி தாலாவாக ஆங்கிலத்தில் பேசிய ரேச்சல் ஹவுஸ் மாவோரியிலும் பாட்டியாகவே பேசினார். ஆங்கிலம் முந்திக்கொண்ட ஊரில், பேரப்பிள்ளைகள் சொந்த மொழியில் ஒரு பெரிய படம் பார்க்கிறார்கள். இந்தப் படத்தால் விளைந்த ஆகப்பெரிய நன்மை என்று நான் நினைப்பது இதைத்தான்.

படம் பார்த்த அன்றிரவு அப்பா பேத்தியை மணலுக்குக் கூட்டிப்போய் ஆறாமீன் வெள்ளியைக் காட்டினார். அவள் கட்டைவிரலைக் கடல்கோட்டில் வைத்து அளந்தாள்.

தமிழில் எங்கள் கரையைப் பற்றிக் குழந்தைப் படம் எடுக்க நினைப்பவர்களே, கதையை எழுதும் முன் ஒருமுறை குப்பத்துக்கு வாருங்கள். வெள்ளி பார்க்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.