சிக்கரியும் அதன் துணைச் சுவைகளும்

சிக்கரி என்பது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த, நீலநிறப் பூக்களைக் கொண்ட ஒரு செடியாகும். இதன் தாவரவியல் பெயர் சிக்கோரியம் இன்டிபசு. இதன் வேரை வறுத்துப் பொடித்துக் காப்பித் தூளுடன் சேர்க்கின்றனர். இலையைக் கீரையாகச் சமைத்தும் பச்சையாகவும் உண்கின்றனர். வேர், இலை ஆகிய இரண்டுமே கசப்பானவை. அதனால் சிக்கரி தனித்து உண்ணப்படுவது அரிது. எதனுடன், எந்த அளவில் சேர்கிறது என்பதைப் பொறுத்தே அது விரும்பத்தக்கதாகவோ வெறுக்கத்தக்கதாகவோ அமைகிறது.

தமிழ்நாட்டில் சிக்கரிக்கு வாய்த்த துணைப்பொருட்கள் காப்பி, பால், சர்க்கரை ஆகியனவாகும். சிக்கரியைக் காப்பியில் செய்யப்படும் கலப்படம் என்று கருதுவோர் பலர். அளவைக் கூறி விற்கும் சிக்கரிக்கு இது பொருந்தாது. அளவை மறைத்துச் சேர்க்கும்போதே அது கலப்படமாகிறது.

வேரின் சுவை

சிக்கரி வேரில் இன்யூலின் என்னும் மாவுப்பொருள் மிகுதியாக உள்ளது. இது பழச்சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலிபோல் இணைந்து உருவான ஒன்று. வேரை வறுக்கும்போது இன்யூலினின் ஒரு பகுதி சிதைந்து இனிப்பாகி, பின் கருகிய சர்க்கரையின் மணத்தையும் அடர்ந்த பழுப்பு நிறத்தையும் தருகிறது. கசப்பு லாக்டுசின், லாக்டுகோபிக்ரின் முதலிய வேதிப்பொருட்களாலும், வறுப்பதால் புதிதாக உண்டாகும் பொருட்களாலும் ஏற்படுகிறது. சிக்கரியில் காஃபீன் இல்லை. காப்பிக்கொட்டைக்கு உரிய எண்ணெய்ப் பசையும் புளிப்பும் நறுமணமும் இதில் இல்லை. ஆகவே இது காப்பிக்கு மாற்றாகாது. காப்பியில் குறைவாக உள்ள நிறத்தையும் அடர்த்தியையும் இட்டு நிரப்பும் பொருள் என்பதே பொருத்தமான விளக்கம்.

காப்பியுடன்

வறுத்த காப்பித் தூளின் எடையில் 26 முதல் 35 விழுக்காடு வரை நீரில் கரைய வேண்டும் என்றும், வறுத்த சிக்கரியில் 55 விழுக்காட்டுக்குக் குறையாமல் கரைய வேண்டும் என்றும் இந்திய உணவுத் தரவிதிகள் கூறுகின்றன. ஒரே எடைக்குச் சிக்கரி ஏறத்தாழ இருமடங்கு கரைவதால்தான் வடிநீர் கெட்டியாகவும் கறுப்பாகவும் இறங்குகிறது. பாலை மிகுதியாக ஊற்றினாலும் நிறம் வெளுக்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

வடிகட்டியில் சிக்கரிக்கு வேறொரு வேலையும் உண்டு. நீர்பட்ட சிக்கரித் தூள் ஊறிப் பருத்து, காப்பித் தூளின் இடைவெளிகளை அடைக்கிறது. சுடுநீர் மெல்ல இறங்குவதால் காப்பியின் சாரமும் நன்கு பிரிகிறது. அளவு மீறினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். காலையில் வடிகட்டியைத் தட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளில் தூள் மிக நுண்ணியதாக இருக்கிறதா, சிக்கரி கூடிவிட்டதா என்பதை முதலில் பார்க்கவேண்டும்.

80க்கு 20 என்ற விகிதம் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. கால் கிலோ தூள் வாங்கினால் 200 கிராம் காப்பியும் 50 கிராம் சிக்கரியும் இருக்கும். 85க்கு 15, 70க்கு 30, 60க்கு 40 ஆகியவையும் விற்பனையில் உள்ளன. கொட்டையின் வகைக்கேற்ப விகிதத்தை மாற்றுவது நல்லது. அராபிக்கா மணமும் மென்மையான புளிப்பும் கொண்டது. சிறிதளவு சிக்கரி அதற்கு உடலைத் தரும். ரொபஸ்டா இயல்பிலேயே கசப்பும் அடர்த்தியும் உள்ளது என்பதால், அதனுடன் சிக்கரியை மிகுதியாகச் சேர்த்தால் கசப்பின்மேல் கசப்பு ஏறி மணம் அடங்கிவிடுகிறது.

பாலும் இனிப்பும்

சிக்கரிக்கு மிகச் சிறந்த துணை பால். பாலின் கொழுப்பும் கேசீன் என்னும் புரதமும் கசப்பை மட்டுப்படுத்துகின்றன. பாலின் இயற்கை இனிப்பு சிக்கரியின் கருகிய சர்க்கரை மணத்தோடு ஒத்துப்போகிறது. நீர் கலக்காத பாலில் 20 விழுக்காடு சிக்கரி போதுமானது. தண்ணீர்ப் பாலுக்குத் திடம் தருவதற்காகச் சிக்கரியைக் கூட்டுவது வழக்கத்தில் உள்ளது எனினும், அதனால் நிறம் கிடைக்குமே தவிரச் சுவை கிடைக்காது.

வெள்ளைச் சர்க்கரை கசப்பைக் குறைப்பதோடு நின்றுவிடும். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் தமக்கே உரிய பாகுமணத்தையும் சேர்க்கின்றன. பால் சேர்க்காத வரக்காப்பிக்குக் கருப்பட்டி மிகவும் ஏற்றது. பால் காப்பியில் சேர்ப்பதானால், கருப்பட்டியைத் தனியே கரைத்து வடிகட்டி, காப்பியை அடுப்பிலிருந்து இறக்கிய பின் ஊற்ற வேண்டும்; பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் பால் திரிந்துவிடக்கூடும். சுக்கு மல்லிக் காப்பி இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. பெயரில் காப்பி இருந்தாலும் அதன் வழக்கமான செய்முறையில் காப்பித் தூளும் இல்லை, சிக்கரியும் இல்லை.

உப்பு கசப்பை அடக்கும் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். சோடியம் உப்புகள் கசப்பு உணர்வைக் குறைத்து, அதனால் மறைந்திருந்த இனிப்பை வெளிப்படுத்துகின்றன என்பதை 1997இல் நேச்சர் இதழில் பிரெசுலின், போச்சாம்ப் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பாகற்காயை உப்பிட்டுப் பிசறி வைப்பதன் பயனில் ஒரு பகுதி இதுவே எனலாம்.

அய்யலூர் வட்டாரத்தில்

திண்டுக்கல் – திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையில் அமைந்துள்ள அய்யலூர், திண்டுக்கல் மாவட்டத்தின் சமவெளிப் பேரூராட்சிகளுள் ஒன்று. தக்காளிச் சந்தைக்கும் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்கும் பெயர் பெற்றது. வறண்ட இந்நிலத்தில் காப்பி விளையாது. எனினும் அதே மாவட்டத்தின் கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய ஊர்களிலும், சிறுமலையிலும் காப்பி பயிராகிறது. காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் ஒன்று தாண்டிக்குடியில் உள்ளது. சிக்கரியோ நெடுந்தொலைவிலிருந்து வருகிறது. இந்தியாவில் அது குசராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும்தான் பெருமளவில் பயிரிடப்படுகிறது. அண்டை மலையின் கொட்டையும், வடநாட்டு வேரும், உள்ளூர்ப் பாலும் சமவெளியில் ஒரே தம்ளரில் சேர்வது இவ்வாறுதான்.

பிற நாடுகளில்

வறுத்த சிக்கரியைக் காப்பியோடு சேர்க்கும் வழக்கம் ஐரோப்பாவில் தோன்றியது. 1806இல் நெப்போலியன் பிரித்தானிய வணிகத்திற்கு விதித்த தடையால் காப்பி வரத்துக் குறைந்தபோது, பிரான்சில் சிக்கரியின் பயன்பாடு பெருகியது. ஐக்கிய அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது நியூ ஓர்லியன்ஸ் நகரிலும் இதே தட்டுப்பாடு சிக்கரியை வேரூன்றச் செய்தது. தட்டுப்பாடு நீங்கிய பின்னும் அந்நகரத்தார் அதை விடவில்லை. அங்கும் சிக்கரிக் காப்பியில் சூடான பாலைச் சரிபாதியாக ஊற்றி, சர்க்கரை தூவிய பொரித்த பணியாரத்தோடு அருந்துகின்றனர். தொடர்பில்லாத இரு நாட்டினர் இதே துணையைக் கண்டுகொண்டது தற்செயலன்று. கசப்புக்குப் பாலும் இனிப்பும் எங்கும் பொருந்துவனவே.

அளவும் விதியும்

இந்தியாவில் காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. கலவையில் காப்பி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்பதைப் பொதியின்மேல் அச்சிடவும் வேண்டும். சிக்கரி விலை குறைந்தது என்பதால் இவ்விதி வாங்குபவரின் பணத்தோடு நேரடித் தொடர்புடையது. 51 விழுக்காடு மட்டுமே காப்பி உள்ள பொதியை வாங்குபவர், ஏறத்தாழப் பாதி எடைக்குச் சிக்கரியையே பெறுகிறார். காஃபீனும் அதற்கேற்பக் குறையும்; அதனைக் குறைக்க விரும்புவோருக்கு இது நன்மையாகவும் அமையலாம். சூரியகாந்திக் குடும்பச் செடிகள் ஒவ்வாதவர்களுக்குச் சிக்கரியும் ஒவ்வாமல் போகலாம் என்பதாலும் அளவும் இருப்பும் தெரிந்திருப்பது தேவையாகிறது.

கலப்பில்லாத காப்பி என்று விற்கப்படும் தூளை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கண்ணாடிக் குவளை நீரின்மேல் தூளை மெல்லத் தூவினால், காப்பித் தூள் சிறிது நேரம் மிதக்கும். சிக்கரித் துகள்கள் விரைந்து மூழ்கி, பின்னே பழுப்பு நிறக் கோடுகளை விடும். இச்சோதனை சிக்கரி இருப்பதைக் காட்டுமே அன்றி எவ்வளவு என்பதைக் காட்டாது. விழுக்காட்டை அறிய ஆய்வகமே வழி.

இலைச் சிக்கரி

ஐரோப்பியச் சமையலில் இலைக்கே முதன்மை. பெல்ஜியத்தில் வேரை இருட்டில் முளைக்கவிட்டு, வெளிறிய குருத்தை அறுவடை செய்கின்றனர். ஒளி படாததால் கசப்பு குறைகிறது. இக்குருத்தைப் பன்றியிறைச்சியில் சுற்றிப் பாலாடைக்கட்டிக் குழம்பிட்டுச் சுடுவது அந்நாட்டின் புகழ்பெற்ற உணவு. இத்தாலியில் ரடிக்கியோ எனப்படும் செந்நிறச் சிக்கரியை வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த அரிசிக் களியில் இடுகின்றனர். உரோமையர் மற்றொரு வகையின் தண்டைக் கீறி, நெத்திலி, பூண்டு, காடி, ஒலிவ எண்ணெய் ஆகியவற்றோடு பிசறுகின்றனர். முன்னதில் கொழுப்பும், பின்னதில் உப்பும் புளிப்பும் கசப்பைத் தாங்குகின்றன.

சித்த, யுனானி மருத்துவங்களில் சிக்கரி காசினி என்ற பெயரால் அறியப்படுகிறது. காசினிக்கீரையைச் சமைக்க விரும்புவோர் வேப்பம்பூவுக்கும் பாகற்காய்க்கும் தமிழர் கையாளும் முறைகளையே கொள்ளலாம். பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்துக் கூட்டு வைத்தால் கசப்பு மென்மையாகும். புளியும் சிறிது வெல்லமும் இட்டுக் குழம்பு வைத்தால் கசப்பு தெரியும், ஆனால் உறுத்தாது. கடைசலாகச் செய்யும்போது நன்கு பழுத்த நாட்டுத் தக்காளி புளியின் வேலையைச் செய்துவிடும். கீரை இளசாக இல்லையெனில் ஒருமுறை கொதிநீரில் போட்டு நீரை வடித்துவிட்டு, அதன் பின்னரே பருப்புடன் சேர்க்க வேண்டும்.